டீச்சர் பாத்தி

"கையும் களவுமா மாட்டினீங்களா!"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் அவரைக்காய்ப் பந்தலில் இருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டது.

டீச்சருடைய கத்தரிப் பாத்தி ஓரத்தில் மண்வெட்டியும் கையுமாக நின்றார் எலெக்ட்ரீஷியன். விடிந்தும் விடியாத நேரம். பாத்தியின் வரப்பை ஒரு முழத்துக்கு வெட்டி வைத்திருந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாததுக்கா மண்வெட்டி?"

அந்தப் பொதுத் தோட்டத்தில் கண்டிப்பான விதி ஒன்றே ஒன்றுதான். அடுத்தவர் பாத்தியைத் தொடக்கூடாது. தொட்டால் கேட் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெண்டைக்காயை யார் பறித்தது என்று ஆரம்பித்த பேச்சு சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போனதால் போட்ட விதி.

டீச்சர் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு மாசம் ஆகிறது. கோடை வெயில் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது. மற்ற பாத்தியெல்லாம் தளதளவென்று நிற்க, டீச்சர் கத்தரி மட்டும் மஞ்சள் பூத்துத் தலையைத் தொங்கப்போடுகிறது.

ஏன் என்றுதான் தையல்காரம்மாவுக்குப் புரியவே இல்லை. ஏனென்றால் தினமும் காலையில் அவளே, ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல், இரண்டு பூவாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பார்க்கப் போனபோது டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தார். "உங்களை மட்டும்தான் நம்பியிருக்கேன். நான் வர்றவரைக்கும் அதைக் காப்பாத்திக் குடுங்க. வீட்டுல எனக்குன்னு வேற யாரு இருக்கா? வெளியில மூச்சு விடாதீங்க, உங்க சாவி போயிடும்."

வாட வாட ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வாடியது. இதென்னடா கூத்து என்று மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

இன்றைக்கும் நிறைந்த பூவாளியோடுதான் வந்தாள். மண்வெட்டியைப் பார்த்ததும் முதல் வேலையாகப் பூவாளியைப் பந்தலுக்குப் பின்னால் ஒளித்தாள். சத்தம் போட்டது அதற்கப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் என்பதால் சலூன்காரர் தோட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். பின்னாலேயே, மருந்துக்கடை வைத்திருக்கும் தோட்டத்துத் தலைவர்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் சலூன்காரர். "போன கோடையில ஓஸ் பைப்புக்காக டீச்சரோட மல்லுக்கு நின்ன ஆளுதானே இவரு? அந்த வஞ்சம், செடியோட வேர்ல போய் நிக்குது."

"செடியை நான் ஒண்ணும் பண்ணலைங்க," என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அப்ப வரப்பை ஏன் வெட்டினீங்க?" தலைவர் கேட்டார்.

எலெக்ட்ரீஷியன் மூன்று பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"விதின்னா விதிதான்," தலைவர் கையை நீட்டினார். "ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியாது. சாவியைக் குடுங்க."

எட்டு வருஷமாக வைத்திருந்த சாவி. வளையத்திலிருந்து கழற்ற நேரமாயிற்று. தலைவர் கையில் வைத்துவிட்டு, "ஒரே ஒரு விஷயம்," என்றார். "ஒரு நாலு நாளைக்கு இந்தப் பாத்திக்கு யாரும் தண்ணி ஊத்தாதீங்க."

"நாங்க ஏன் ஊத்தப்போறோம்?"

மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

எலெக்ட்ரீஷியன் தையல்காரம்மாவைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார். "பந்தலுக்குப் பின்னாடி பூவாளியை மறந்துடாதீங்க. வெயில்ல வெடிச்சிடும்."

அவள் சட்டென்று பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டாரா? பார்த்தவர் ஏன் போட்டுக்கொடுக்கவில்லை?

பாத்தியைக் குனிந்து பார்த்தாள். வெட்டின வரப்பு வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அழுகின நாற்றம். விரலை விட்டால் மண் சேறாக இருந்தது. மழை பெய்து எத்தனை நாளாயிற்று! இரண்டு பூவாளியில் இவ்வளவு தண்ணீரா?

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "தினமும் காலையில நான் இதுக்கு ரெண்டு பூவாளி ஊத்தறேன். டீச்சர் கேட்டுக்கிட்டாங்க."

சலூன்காரர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "காலையிலயா? சாயங்காலம் கடையை அடைச்சதும் நான் மூணு ஊத்தறேனே! என்னை மட்டும்தான் நம்பியிருக்கேன்னு சொன்னாங்களே!"

இரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் வானத்தைப் பார்த்தார்.

"மத்தியானம்... ஒரு குடம்தான்," என்றார். "வாடினதைப் பார்த்து ரெண்டாக்கினேன்."

தையல்காரம்மா அவர் கையிலிருந்த சாவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். எலெக்ட்ரீஷியன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"நாங்க மூணு பேரும் ஊத்தறது உங்களுக்குத் தெரியுமா?"

"என் பாத்தி கீழ்ப்பக்கம்தானேங்க. மூணு வேளையும் நீங்க ஊத்தறதைப் பார்த்துட்டுதான் இருந்தேன், எல்லாம் அங்கதான் வந்து சேருது. வேர் முழுசா அழுகறதுக்குள்ள வடிச்சு விட்டுடலாம்னு பார்த்தேன்."

"அதை அங்கயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உங்க மூணு பேர் சாவியும் போகுமே."

"போகட்டுமே! தப்பு எங்களோடது. டீச்சர் உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசறதுகூட இல்ல. அவங்களுக்காக உங்க சாவியைக் குடுக்கணும்னு என்ன தலையெழுத்து?"

எலெக்ட்ரீஷியன் சைக்கிளைத் திருப்பினார்.

"வரப்பை வெட்டினதுக்கு என் சாவி எப்படியும் போயிடும். உங்க மூணு பேர் சாவியும் போயிட்டா, நாலு நாள் கழிச்சு அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்த யாருங்க இருக்கா?"