தடுப்புக்கு அந்தப் பக்கம்

பனிச்சரிவு எச்சரிக்கைக் குழுவின் அறையில் போன் அலறியது. டிரோல் மலைச்சாலையை அன்று காலை மூடச் சொன்ன நோட்புர்காவே எடுத்தாள்.

"ரோட்டை மூடின புண்ணியவதி நீதானாம்மா? கீழே தடுப்புக்கிட்ட நின்னு பேசறேன். பேரு அலோய்ஸ், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. பதினோரு மணிக்கு உங்க ஊர் சர்ச்சுல கல்யாணம். எங்க காரு நாலு நிக்குது. ஒரு பத்து நிமிஷம் தடுப்பைத் தூக்கு."

"தூக்க மாட்டேன். ராத்திரி இடுப்பளவு புதுப் பனி விழுந்திருக்கு. அடியில பழைய பனி கண்ணாடியா வழுக்குது."

"விடியக்காலையில ஊரே அதிரக் கல்யாண வெடி போட்டோம். ஒரு பிடி பனி உதிரலையே!"

"சத்தத்துக்குச் சரியாதுங்க. பாரத்துக்குத்தான் சரியும்."

"மேயர்கிட்ட பேசறேன்."

"அவரும் கேட்டுப் பார்த்துட்டார். இதே பதில்தான் சொன்னேன்."

அலோய்ஸுக்கு மூச்சு வாங்கியது. "இரு, கல்யாணப் பொண்ணுக்குத் தெரியட்டும். மகா பொல்லாதவளாம், எல்லாரும் சொல்றாங்க. உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா!"

"நானும் கேள்விப்பட்டிருக்கேன்."

"பயமே இல்லையா உனக்கு?"

"இருக்கு. நாலு கார் ஆளுங்களைப் பனிக்குள்ள கம்பி விட்டுத் தேட வேண்டி வருமோன்னு. போனை மாப்பிள்ளைகிட்ட குடுங்க."

"அவன்கிட்ட உனக்கென்ன பேச்சு?"

நோட்புர்கா தலையில் சுற்றியிருந்த பூ வளையத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கல்யாணம் நாளைக்குன்னு சொல்லணும். பொல்லாதவ பேசறேன்."