பெஞ்சுக்காரருக்கு ஒரு டம்ளர்

நாற்பத்துமூன்று நாளாக, மும்பை செம்பூர் வீட்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் விஞ்ஞானி சங்கரனை வேவு பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தானே பேசிக்கொண்டு, ஜோடி மாறிய செருப்போடு ஆபீஸ் போகிற மனிதரால் தேசத்துக்கு ஆபத்தாம். சங்கரனோ வேவுக்காரர்மேல் பரிதாபப்பட்டு, தினமும் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுப்பார். டம்ளர் காலியாகத் திரும்பும்.

இன்று விசாரணைக்கு வந்த உளவுத்துறை அதிகாரி ஜோன்ஸ் தாராவித் தமிழர். சங்கரனின் மனைவி ஹரிதா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"கேமராவுல பாத்தோம் மேடம். சார் தினமும் காலி பெஞ்சுக்குக் காபி குடுக்காரு. அது யாருக்குச் சைகை? சொல்லலைன்னா சாருக்கு நாளைக்கு வேலை இருக்காது."

ஹரிதாவுக்குச் சிரிப்பு வந்தது. "உங்க ஆளையே உங்களுக்குத் தெரியலையா? இந்த லட்சணத்துல தேசத்தைக் காப்பாத்தறேளாக்கும்! அங்கதான் உட்கார்ந்திருக்கார், பாருங்கோ."

ஜோன்ஸ் ஜன்னலுக்குப் போனார். பெஞ்சிலிருந்தவர் எழுந்து சல்யூட் அடித்தார். ஜோன்ஸின் கை பாதிவரை உயர்ந்து அப்படியே நின்றது.

"என்ன, ஆளைத் தெரியறதா?"

"எங்க ஆபீஸ் ஞானசீலன் அண்ணன்தான், மேடம். போன வருஷம் சிவ்ரி கல்லறைத் தோட்டத்துல, அவரு குழியில நான்தான் மொத மண்ணு போட்டேன்."