சூரியன் விழும் பக்கம்

ஸ்காபரோவில், பதினோராம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிரேக்கத் தீவின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. பல்கனிக் கண்ணாடி வழியே வரும் மாலை வெயிலில் அதன் கடல் மினுங்குகிறது. தனக்குக் கனடாக் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு கணவன் கூட்டிப்போகிற இடம் என்று சுகிர்தா மூன்றாம் முறையாகச் சொல்கிறாள். அவளுடைய வளையல்கள் தீவின் மேல் சிணுங்குகின்றன. எதிரே இருக்கும், அகதி வழக்கு இன்னும் முடியாத பவளராணியால் நயாகராவின் அக்கரையிலுள்ள அமெரிக்காவுக்குக்கூடப் போக முடியாது. அவள் தேநீர்க் கோப்பையை இறுக்கிப் பிடித்தபடி சிரிக்கிறாள். சுகிர்தா வரைபடத்தை அவள் பக்கம் தள்ளுகிறாள். "சூரியன் மறையிறதைப் பாக்கத்தான் அங்க எல்லாரும் போறவையாம் அக்கா. எனக்கு உந்தப் படம் ஒண்டும் விளங்காது. கோட்டையில நிக்கிறதோ, காத்தாலையடியிலயோ? நீங்களே சொல்லுங்கோ." பவளராணி குனிகிறாள். கோட்டையும் காற்றாலையும் மேற்குக் கரையில் இருக்கின்றன. அவள் விரல் இரண்டையும் தொட்டுவிட்டு மெல்ல ஊர்ந்து, வலது ஓரத்தில், கிழக்குப் பார்த்த ஒரு சின்னக் கடற்கரையில் நிற்கிறது. "இதில நில்லும். இதைவிட வடிவான இடம் இல்லை." சுகிர்தா பேனையால் அதைச் சுற்றி வட்டம் போடுகிறாள். "உங்களை விட்டா எனக்கு வேற ஆர் அக்கா?" நிமிர்ந்தவளின் முகம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். பவளராணியின் தோளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. "அங்கேயும் உப்பிடித்தான் இருக்குமோ அக்கா?" பவளராணி எழுந்துபோய், கண் கூசுது என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்து மூடுகிறாள்.