பனை உச்சியில் குளத்துக் கணக்கு

ஒரு குளத்தில் இருந்த நீர்க்காகம், பத்துக் கோடையாகத் தினமும் முங்கிப்போய்த் தண்ணீரை அளந்து ஓலையில் குறித்து வந்தது.

ஒருநாள் தவளை வந்து கேட்டது. “சார், இந்த வருஷம் குளம் எப்போது வற்றும்? தெரிந்தால் அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போய்விடுவேன்.”

“இப்போது சொல்ல முடியாது. கட்டுரை வரட்டும். முன்னாலேயே வெளியே விட்டால் அடுத்த குளத்து நாரை தன் பெயரில் போட்டுக்கொள்ளும்.”

கட்டுரை வந்தது. பறவைகள் மாநாட்டில் நீர்க்காகத்துக்குப் பொன்னாடை போர்த்தி, ‘ஒளிவுமறைவற்ற ஆய்வாளர்’ என்று விருது கொடுத்தார்கள். “என் தரவுகள் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்” என்று அது மேடையில் முழங்கியது. சிறகடிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

தவளை தாவி வந்தது. “ஓலைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள், சார்?”

“அதோ, பனை உச்சியில்.”

“என்னால் ஏற முடியாதே! நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்.”

“இதுவரை முப்பது பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூட ஏற முடியவில்லை என்று சொல்லவில்லை” என்று நீர்க்காகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பத்தாம் நாள் குளம் வற்றியது. வாய்க்காலும் காய்ந்து கிடந்தது. நீர்க்காகம் புது ஓலையோடு சேற்றில் இறங்கி, செத்த தவளைக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தது.

கண் மங்கிக் கிடந்த தாய்த் தவளை ஈனக் குரலில் கேட்டது. “என் பிள்ளைகள் எத்தனை போயிற்று, சார்?”

நீர்க்காகம் ஓலையைச் சிறகுக்குள் மறைத்துக்கொண்டது.

“இப்போது சொல்ல முடியாது. கட்டுரை வரட்டும்.”