பிடி

நெரிசலான பேருந்தில், பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணின் இடுப்பை நோக்கி நீண்ட கையை எஸ்தர் மணிக்கட்டோடு பிடித்தாள். காவல் நிலைய வாசலில் பேருந்து நிற்கும்வரை விடவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் சும்மா இருக்கவில்லை. தன் மணிக்கட்டை முறுக்கிக் காயப்படுத்திவிட்டதாக அவள்மேல் வழக்குப் போட்டான்.

கூண்டில் ஏறிய எஸ்தர் அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். தண்டனை வந்தால் தபால் அலுவலக வேலை போய்விடும்.

“ஓங்கி அடிச்சிருப்பீங்களே?” என்றார் அவனுடைய வக்கீல்.

“இல்ல சார். அடிக்கணும்னு கை துறுதுறுன்னுச்சு. ஆனா பிடிச்சதோட சரி.”

“சும்மா பிடிச்சதுக்கா கை சுளுக்கும்? எங்க, என்னைப் பிடிச்சுக் காட்டுங்க.” வக்கீல் கறுப்பு அங்கியைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

எஸ்தர் நீதிபதியைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் பிடித்தாள். வக்கீல் இழுத்தார். திருப்பினார். காலை ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுத்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. எஸ்தரின் பிடி தளரவே இல்லை.

“வலிக்குதா?” என்று கேட்டார் நீதிபதி.

வக்கீலுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “வலி இல்லீங்கய்யா. ஆனா எடுக்க முடியல.”

பின்வரிசையில் இருந்த அந்தக் கல்லூரிப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“தடுக்கிறதுக்கு எவ்வளவு பலம் வேணுமோ அவ்வளவுதான். அதுக்கு மேல துளி இல்ல” என்ற நீதிபதி, எஸ்தர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பிடியை விடவில்லை. யாரும் விடச் சொல்லவும் இல்லை.