துக்க வீட்டு ஸ்டார்

"பாத்தியாக்கா, நான் சொன்னப்ப நம்பல நீ. எரியுது பாரு."

ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு மோகனா கையை நீட்டினாள். மெர்சி வீட்டு வாசலில் சிவப்பு ஸ்டார் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

சவுரியம்மாளுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து ஷூ கம்பெனியில் மிஷின் முன்னால் குனிந்தே கிடந்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் மாதனூர் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் கிளம்பியவள். மாதா கோயிலைச் சேர்ந்த நாற்பது வீட்டுக்கு ஓர் அன்பியம், அதற்கு இவள் தலைவி. நல்ல பட்டம்தான், வேலை வரும்போதுதான் யாரையும் காணோம்.

அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடமாட்டார்கள், ஸ்டார் கட்டமாட்டார்கள். அந்த வீடுகளுக்கு அன்பியம்தான் கேக்கும் முறுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, செத்தவருக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வரும். ஆறு வீடு முடிந்தது. ஏழாவது இது.

"இன்பராஜ் போய் எட்டு மாசம்தான் ஆவுது. கல்லறைத் திருநாளுக்குப் புருஷனுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்த வந்தாளா இவ? கலர் புடவை, தலை நிறைய பூ, யாரையும் வாசல் தாண்டி உள்ள விடறதும் இல்ல. இப்ப ஸ்டார் வேற. அவுக்கச் சொல்லிட்டுத்தான் வரணும், ஆமா. அன்பியக் கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணது."

"சரி, நீயும் வா."

"நான் அந்தப் படி ஏறமாட்டேன்பா. நீ போய்ட்டு வா."

சவுரியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கும் உள்ளே எரிச்சல்தான். அவள் புருஷன் போனபோது அவளுக்கு முப்பது வயசு. அடக்கம் முடிந்த மறுநாளே மாமியார் நாலு பொம்பளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு தலைப்பூவைப் பிடுங்கிப் போட்டாள். இருபது வருஷமாக அவள் பூ பக்கம் போனதில்லை. இவளுக்கு மட்டும் என்ன தனி சட்டமா?

கேட் சத்தம் கேட்டு மெர்சி ஓடிவந்தாள். பச்சைப் புடவை, மல்லிகை.

"அக்கா, இங்கயே நில்லுங்க."

"நிக்கிறேன். ஸ்டாரை அவுத்துடு மெர்சி. ஊர் ஒரு மாதிரி பேசுது."

"அவுத்தா அத்தைக்குத் தெரிஞ்சிடும்க்கா."

"இன்னா தெரிஞ்சிடும்?"

"அவர் இல்லன்னு."

சவுரியம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

மெர்சி குரலை இறக்கினாள். "அத்தை இடுப்பு உடைஞ்சி வேலூர் ஆஸ்பத்திரியில இருந்தப்பதான் அவருக்கு ஆக்சிடென்ட். அடக்கமும் முடிஞ்சிடுச்சி. அத்தைக்கு இதயம் ரொம்ப வீக், இப்ப சொல்லாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. எத்தியோப்பியாவுல ஷூ கம்பெனிக்கு சூப்பர்வைசரா போயிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் இப்படி மறைக்கிறது பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அத்தை படுக்கையிலேருந்து பாத்தா இந்த ஸ்டார் தெரியும்க்கா. நான் கல்லறைக்கு வந்து, அதை யாராவது அத்தைகிட்ட சொல்லிட்டா இன்னா பண்றது?"

"பூவும் அதுக்குத்தானா?"

"மொதல்ல வைக்கவே மனசு வரலக்கா. இப்ப பழகிடுச்சி."

சவுரியம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பெண்ணைப் பற்றிக் கூட்டத்தில் அவளும்தான் பேசினாள், கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

"அந்த ஜெபம் மட்டும் வேணாம்க்கா. சும்மா கிறிஸ்துமஸுக்கு வந்த மாதிரி வாங்க" என்று மெர்சி உள்ளே கூட்டிப்போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் மாமியார் ஜெயம்மாள் படுத்திருந்தாள்.

"வா சவுரி. எம் புள்ளைக்கு லீவு கெடைக்கலையாம், இந்த வருஷம் வரமாட்டானாம். பாத்தியா கொடுமைய."

"அடுத்த வருஷம் வருவான் பெரியம்மா." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் பையிலிருந்த கேக்கை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள்.

மெர்சி டீ போட சமையல்கட்டுக்குப் போனாள். அவள் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டதும் ஜெயம்மாள் தலையணைக்கு அடியில் கைவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து சவுரியம்மாள் கையில் திணித்தாள்.

"கரண்டு போனா ஏத்தணும்னு சொல்லி வாங்கி வெச்சேன். எம் புள்ள கல்லறையில ஏத்திடு. மெர்சிக்குத் தெரிய வேணாம்."

சவுரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியம்மா, உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே தெரியும். பெத்தவ மூஞ்சியைப் பாக்காம பிளேன் ஏறுற புள்ளையா அவன்?"

"அப்ப அவகிட்ட சொல்லிடலாமே. பாவம், உங்களுக்காக அவ எத்தனை பேச்சு வாங்கறா தெரியுமா?"

"வேணாம்டி, உன்ன கையெடுத்துக் கும்புடறேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்ச அன்னிக்கே ஸ்டாரை எறக்கிடுவா. கலர் புடவைய மடிச்சி வெச்சிடுவா. அவ வைக்கணும்னு நெனச்சாலும் ஊரு விடாது. இருபத்தொம்பது வயசுடி அவளுக்கு. நான் மூச்சு வுடற வரைக்குமாவது அவ தலையில பூ இருக்கட்டும்."

சவுரியம்மாள் மெழுகுவர்த்தியை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜெயம்மாள் அவள் கையை விடவில்லை.

"உன் மாமியா உன் தலைப்பூவப் பிடுங்குனப்ப அந்த நாலு பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி, சவுரி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லாம நின்னேன்."