காவேரியின் தட்டு

கடலை எண்ணெய் டின்னை ஓட்டப் பயிற்சி கொடுக்கும் திம்மப்பன் மாஸ்டர் ஒரே உதையில் கவிழ்த்துவிட்டார். கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மோப்பம் பிடித்து வந்துவிட்டார் மனுஷன்.

எண்ணெய் என் காலடி வரைக்கும் ஓடி வந்தது. நான் நகரவில்லை.

"சுள்ளு ஹேளபேடா, பொய் சொல்லாதம்மா! காவேரிக்கு இதைத்தானே ஊத்தின? உடம்பு கனத்துப்போயி எலும்பு விரிஞ்சுபோச்சு. டீமையே கெடுத்துட்டியே, பாவி!"

டின் பெரிய கேன்டீனுடையது என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

நேற்றுக் காலை சானமாவு ரோட்டில் ஓடும்போது காவேரி விழுந்தாள். கல் தடுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தானாக விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டோடு ஹாஸ்டல் கட்டிலில் கிடக்கிறாள்.

தை மாதம் பெங்களூரில் கம்பெனிகளுக்குள் ஓட்டப் போட்டி. எங்கள் கம்பெனிக்காக ஓடுகிற ஐந்து டிரெயினிப் பெண்களுக்கும் வேலை பர்மனென்ட் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். இந்த ஓசூரில் பர்மனென்ட் வேலை என்றால் சும்மாவா? அந்த ஐவருக்கும் தனிச் சமையல். சமைப்பவள் நான், சரோஜம்மாள், ஊத்தங்கரைக்காரி.

மாஸ்டர் போட்ட சட்டம் ஒன்றுதான். சொட்டு எண்ணெய் கூடாது. நெய், தேங்காய், நிலக்கடலை, கறியில் இருக்கிற கொழுப்பு, எதுவும் அவர்கள் வயிற்றுக்குள் போகக் கூடாது. கொழுப்பு ஏறினால் கால் தூங்கிவிடுமாம். எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க.

போன வருஷமும் இதே சட்டம்தான். மூன்று பெண்கள் கால் எலும்பு முறிந்து ஊருக்குப் பஸ் ஏறினார்கள். பொம்பளைப் பிள்ளைகளை இந்த ஓட்டம் ஓடவிட்டு, கொழுப்பே இல்லாமல் சோறு போட்டால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு எப்படித் தாங்கும் என்று அப்போது கட்டுப் போட்ட டாக்டர் என் காதுபடவே கேட்டார். மாஸ்டர் அவரையும் முறைத்தார். மசகு மை போடாத வண்டிக்கு அச்சு முறியும் என்பது எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்.

கூச்சல் கேட்டு என் மகள் பவுனு வாசலில் வந்து நின்றாள். அவளும் இங்கே டிரெயினிதான். பங்குனியில் டீமுக்கு ஆள் எடுக்க ஓடவிட்டபோது கடைசி வளைவில் காவேரி முழங்கையால் இடித்தாள். பவுனு விழுந்தாள். ஐந்தாவது காவேரி, ஆறாவது என் மகள். அன்றைக்குச் சாயங்காலமே காவேரி அடுப்படிக்கு வந்து, தெரியாமல் பட்டுவிட்டது அக்கா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

"உன் மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, நம்பறேன்" என்றார் மாஸ்டர்.

பவுனைப் பக்கத்தில் இழுத்தேன். அவள் உச்சந்தலையில் கை வைத்தேன்.

"காவேரி தட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விழல. விழுந்திருந்தா என் மக நல்லா இருக்க மாட்டா."

பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை நான்.

களி உருட்டும்போது கையில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்வார்கள். நான் எண்ணெய் தொட்டேன். போதாததற்கு ஒரு கரண்டி உள்ளே வைத்தும் பிசைந்தேன். டீமில் ஓடுகிற வஜிஹாவுக்கும் இன்னும் மூவருக்கும், தினமும் இரண்டு வேளை. நாலு பேரும் ஒரு வலி, சுளுக்கு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டர் தன் சட்டத்தின் மகிமை என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

காவேரியின் உருண்டைக்கு மட்டும் தண்ணீர்.

சட்டப்படி நடந்தேன், அவ்வளவுதான். ஆடியில் ஒருநாள் அவளே வந்து, மூன்று மாசமாகத் தூரமாகவில்லை அக்கா, காலும் குடைகிறது என்று என் காதில் சொன்னாள். எல்லாம் சரியாகிவிடும் போ என்றேன். மனசு குளிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப வெளியில போண்டா தின்னிருக்கா, திருட்டுக் கழுதை. சரி, இனிமே டீம்ல உன் மக."

என் வயிற்றில் பாலை வார்த்தார். பவுனு துள்ளிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"ஆனா அஞ்சு பேர் களியும் இனி என் கண் முன்னாலதான் உருட்டணும். பவுனு, நீயும் சத்தியம் பண்ணும்மா, வெளியில எதையும் தொட மாட்டேன்னு."

பவுனு யோசிக்கவே இல்லை. என் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

"எங்கம்மா மேல சத்தியம் மாஸ்டர். தை வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் தொட மாட்டேன்."

சொன்ன சொல்லை உயிர் போனாலும் மீறாத பிள்ளை. நான்தான் அப்படி வளர்த்தேன்.

மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். களி கொதித்து இறங்கியிருந்தது. பவுனு அலமாரியில் தேடி, அடியில் காவேரி பெயர் கொத்தியிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பசிக்குதும்மா, சீக்கிரம் போடு."

நான் கையைத் தண்ணீரில் நனைத்தேன்.